72 நொடிக்கு ஒரு முழு நாள்

போன ஆனி மாதம் காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில், பலூன் சுடுகிற கடை முன்னால் அக்கா மகன் என்னை முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டான். பிச்சாண்டவர் வீதியுலா முடிந்து, மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தில் ஒன்றைப் பிடித்து, அது நசுங்கிச் சட்டையெல்லாம் சாறு. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. அவனுக்கோ பலூன் சுட்டே ஆகணும்.

கடையில் ஒரே துப்பாக்கி. முன்னால் பதினோரு பையன்கள். ஆளுக்கு ஆறு குண்டு. வெயிலில் வேறு வேலை இல்லாததால் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பையன் ஆறு குண்டையும் சுட்டு முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதற்கப்புறம் கடைக்காரர் துப்பாக்கியை வாங்கிக் கீழே வைக்கிறார், உடைந்த பலூனின் பிசிறைப் பிடுங்குகிறார், புதுப் பலூன் ஊதுகிறார், முடிச்சுப் போடுகிறார், பலகையில் குத்துகிறார், சில்லறை தேடுகிறார். அதற்கு மூன்று நிமிஷம்.

"என்ன மாமா இவ்ளோ நேரம் ஆவுது?"

"சுடுறதுக்கு நேரம் ஆவல தம்பி. பலூன் ஊதத்தான் ஆவுது."

எங்கள் வட்டாரத்துக் கூட்டாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய ஒரு குட்டித் துப்பாக்கிச் சுடும் போட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பலூன் கடைதான். நாங்கள் அந்த ஒரு நாளில் பட்ட பாடு முழுவதும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் இருந்தது.

ஆரம்பம் பையனுடைய ஆசை. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் கௌபாய் டெக்ஸ் வில்லர் கதை படித்து வளர்கிறவன் அவன். நான் படித்ததும் அதுவேதான், அதனால் திட்டவும் முடியாது. என் அப்பா காலத்தில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்தார். கர்ணன் எடுத்த ‘கங்கா’வும் ‘ஜக்கம்மா’வும் 1972-ல் ஒரே வருஷத்தில் வந்த படங்கள். ஆக மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஒருத்தராவது இடுப்பில் கைவைத்து, கண்ணைச் சுருக்கி, "யார் முதல்ல உருவுறாங்கன்னு பாப்போம்" என்று நின்றிருக்கிறோம். பையன் கேட்டது இதுதான்: அதை ஒரு நிஜப் போட்டியாக வைக்க முடியாதா?

அமெரிக்காவில் வைக்கிறார்கள். பெயர் ஃபாஸ்ட் டிரா. 1950-களில் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் ரயில் கொள்ளைக்காரன் வேஷம் கட்டிக்கொண்டிருந்த டீ வூலம் என்பவர், வேகமாக உருவுவதைக் கடிகாரம் வைத்து அளந்து அதை ஒரு விளையாட்டாக்கினார். இப்போது அங்கே மெழுகுக் குண்டு போட்டுச் சுடுகிறார்கள். இலக்கின் நடுவே விளக்கு எரிந்ததும் உறையிலிருந்து உருவிச் சுட வேண்டும். குண்டு பட்ட கணத்தில் கடிகாரம் நின்றுவிடும், நொடியை ஆயிரமாகப் பிளந்து நேரம் காட்டும். எங்கள் குழுவில் ஒருவரிடம் "ஃபாஸ்ட் டிரா மேட்ச்" என்று சொன்னபோது, "சீக்கிரமே டிரா ஆயிடுற மேட்ச்ச யாரு வந்து பாப்பா?" என்றார். அவர் கிரிக்கெட்காரர். அவரைக் குற்றம் சொல்லி என்ன!

நம் ஊரில் இடுப்புறையோடு அதை நடத்துவதற்கில்லை. ரிவால்வர் என்றால் உரிமம், உரிமம் என்றால் கலெக்டர் ஆபீஸ். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழலுக்குள்ளும் 20 ஜூலுக்குள்ளும் இருக்கிற ஏர் கன்னுக்கு மட்டும்தான் உரிமம் வேண்டாம். பலூன் கடைத் துப்பாக்கியும், ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியும் அந்த 4.5 மில்லிமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்தவைதான், விலையில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. உறையில் துப்பாக்கியைச் செருகி உருவுவதை ஏர் கன்னிலும் நாங்கள் அனுமதிக்கவில்லை. தன் காலில் தானே சுட்டுக்கொள்வதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை.

உருவுவது இல்லாமல் வேகம் மட்டும் இருக்கிற போட்டி ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது: ஆண்கள் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். அதைப் பையனுக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே ஒரு கணக்குப் பிடிபட்டது.

தகுதிச் சுற்றில் மொத்தம் 60 குண்டு. ஐந்து இலக்குகள் பக்கம் பக்கமாக நிற்கும். ஒரு வரிசையில் ஐந்துக்கும் ஒவ்வொரு குண்டு. 8 நொடிக்குள் ஐந்து குண்டு என்று இரண்டு வரிசை, 6 நொடியில் இரண்டு, 4 நொடியில் இரண்டு. இது ஒரு கட்டம். இதே மாதிரி இன்னொரு கட்டம். கூட்டிப் பாருங்கள்: 8, 6, 4 சேர்த்தால் 18, அது இரண்டு தடவை 36, இரண்டு கட்டத்துக்கு 72. ஒருவர் தகுதிச் சுற்று முழுக்கச் சுடுவதற்கு இருக்கிற நேரம் 72 நொடி. ஒரு சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் ஆகிவிடும்.

அதைவிட வேடிக்கை, காத்திருக்கிற நேரம். ரேஞ்ச் ஆபீசர் "லோட்" என்பார், குண்டு நிரப்பிக்கொள்ள ஒரு நிமிஷம். பிறகு "அட்டென்ஷன்". சிவப்பு விளக்கு எரியும். சுடுகிறவர் கையைக் கீழே தாழ்த்தி, செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் எழாமல், 7 நொடி அசையாமல் நிற்க வேண்டும். பச்சை விழுந்தால்தான் கை மேலே போகலாம். பன்னிரண்டு வரிசைக்குப் பன்னிரண்டு ஏழு, 84 நொடி. ஆக ஒலிம்பிக்கிலேயே வேகமான பிஸ்டல் போட்டி என்று பேர் வாங்கியதில், சுடுகிற நேரத்தைவிட கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிற நேரம் அதிகம். டெக்ஸ் வில்லரின் உருவலுக்கு நிஜத்தில் மிச்சம் இருப்பது இந்த 45 பாகைதான்.

2012 ஆகஸ்டில் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இந்தப் போட்டியில்தான். அப்போது அவர் ராணுவத்தில் சுபேதார். இறுதிச் சுற்றில் மதிப்பெண் கிடையாது, பட்டதா படவில்லையா என்பதுதான், 9.7-க்குள் பட்டால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். எல்லா வரிசையும் 4 நொடி. எட்டு வரிசை, நாற்பது குண்டு. கியூபாவின் லியூரிஸ் பூபோ 34, விஜய் குமார் 30. சுட்டது மொத்தம் 32 நொடிதான். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் மோ நகர ராணுவப் பயிற்சி மையத்தில் பச்சை விளக்குக்காக நின்றிருப்பார் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. ஆறு வருஷம் கழித்து 2018 காமன்வெல்த்தில் அனிஷ் பன்வாலா பதினைந்து வயதில் இதே போட்டியில் தங்கம் வாங்கினார். பையனுக்கு அந்த வயசுக் கணக்கு மட்டும் உடனே மனதில் பதிந்துவிட்டது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

வாடகைக்கு எடுத்த ஒரு நீளமான கூடம். ஆறு லேன். பத்து மீட்டர். கயிற்றைச் சுற்றினால் இலக்கு அட்டை முன்னும் பின்னும் போய்வரும் கப்பிகள். காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து 34 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டி எப்படியோ அப்படியே செய்துவிடலாம் என்று முதலில் வீரம் பேசினோம். அட்டை இலக்கில் 60 குண்டுக்கு 90 நிமிஷம், அதற்கு முன் தயாரிப்புக்கும், குறி சரிபார்த்துக்கொள்ளும் சைட்டிங்குக்கும் 15 நிமிஷம், ஆள் மாறுவதற்கு ஒரு 15. ஒரு டீட்டெயிலுக்கு இரண்டு மணி நேரம். ஒரே நேரத்தில் லேன்களில் நிற்கிற கூட்டத்துக்கு நம் நாட்டு ரேஞ்சுகளில் ‘டீட்டெயில்’ என்றுதான் பெயர். 34 பேருக்கு ஆறு லேன் என்றால் ஆறு டீட்டெயில். பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டுக்கு ஆரம்பித்தால் ராத்திரி எட்டு, அதுவும் யாரும் டீ குடிக்காமல், ஒண்ணுக்குப் போகாமல்.

எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் சிரித்தார். "தம்பி, நீங்க ஆளை எண்ணிட்டு லேனைப் பாக்கிறீங்க. லேனை எண்ணிட்டு ஆளைக் கூப்பிடணும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பது என் கட்சி. போட்டி நடத்துகிறவர்கள் எல்லோரும் விதிமுறைப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கூடத்தின் சாவி. எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும், எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும், நடுவில் எத்தனை லேன். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வகுத்தால் எத்தனை குண்டு என்பது தானாக வந்து விழும். எங்களுக்கு விழுந்தது 20 குண்டு. சைட்டிங் 10 நிமிஷம், போட்டி 30, மாற 10. ஆறு டீட்டெயிலுக்கு ஐந்து மணி நேரம். ஒரு மணிக்குச் சாப்பாடு.

அந்த ‘மாற 10’ இருக்கிறதே, அதில்தான் கவிழ்ந்தோம். பத்து நிமிஷத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். "ஸ்டாப்", "அன்லோட்". ஒவ்வொரு துப்பாக்கியின் குழலும் காலியா என்று ஆள் வந்து பார்க்கணும், அதில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு செருகணும். அதற்கப்புறம்தான் யாரும் கோட்டைத் தாண்டலாம். கழற்றிய அட்டைகள் பெயர் மாறாமல் மதிப்பெண் மேசைக்குப் போகணும். புது ஆட்கள் பெட்டியோடு வரணும், ஒருத்தர் தன் லேன் எதுவென்று கேட்பார், இன்னொருத்தர் கழிவறையில் இருப்பார். எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் பதினேழு நிமிஷம் ஆனது. ஏழு நிமிஷத் தாமதம், ஐந்து மாற்றம், 35 நிமிஷம். யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. பலூன் ஊதுகிற நேரத்தைக் கணக்கில் குறைத்துப் போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

கல்லூரியில் காக்கி உடுப்புப் போட்ட நாட்களில் இதை நான் அனுபவித்திருக்கிறேன். விடியற்காலை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆளுக்கு ஐந்தே ரவுண்டு, .22 ரைபிள். தரையில் படுத்து ஐந்தையும் சுட்டு எழுந்திருக்கும்போது உச்சி வெயில். சுட்டு முடித்தபின் கோக்கா எனப்படும் காலித் தோட்டா உறைகளை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் புல்லைத் துழாவணும். அந்த வயசில் எரிச்சலாக இருந்தது. இப்போது, எண்ணாமல் யாரையும் லாரியில் ஏற்றாத அந்த ஹவில்தாரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது.

காத்திருப்பதை அழகாகக் கட்டிய ஒரு விளையாட்டு உண்டு: டிராப். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது அது. ஹாங்சூ ஆசிய விளையாட்டில் அணித் தங்கமும் வாங்கிய போட்டி. பறக்கிற களிமண் தட்டைச் சுட வேண்டும். நிற்கிற இடங்கள் ஐந்து, சேர்ந்து சுடும் ஒரு குழுவில் ஆட்கள் ஆறு. ஏன் ஆறு? ஒருவர் சுட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர, ஐந்தாம் இடத்துக்காரர் நடந்து திரும்ப முதல் இடத்துக்கு வருவார். அவர் வருகிறவரை முதல் இடம் காலியாகக் கிடக்கக்கூடாது, ஆறாமவர் ஏற்கெனவே அங்கே தயாராக இருக்கிறார். நடக்கிற நேரத்தை ஒரு ஆளாக மாற்றி வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். யார் யோசித்தார்களோ, நம் ஊர்ப் பந்தியில் மூன்றாம் பந்திக்கு இலை போடுகிறவர் மாதிரி ஆள்.

மதியத்துக்கு மேல்தான் பையன் கேட்ட ‘யார் முதல்ல’. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து லேனில். எதிரே பெட்டிக்குள் ஐந்து சின்னத் தகடு, பட்டால் விழும். எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம், பார்க்கிறவர்களுக்கும்தான். ஒற்றைக் குண்டு ஏர் கன்னில் ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி நிரப்பணும். ஐந்து தகட்டுக்கு ஒரு நிமிஷம் ஆகும். டெக்ஸ் வில்லருக்கு அவமானம்தான், ஆனாலும் கூடம் அதிர்ந்தது.

காலைச் சுற்றில் முதல் 16 பேர் இதற்கு வந்தார்கள். எப்படி மோத விடுவது என்று முந்தின நாள் ராத்திரி வரை சண்டை. நாக் அவுட் என்றால் 16 பேருக்கு 15 மோதல். கோட்டுக்கு வந்து, நிரப்பி, சுட்டு, தகடு தூக்கி நிறுத்த மூன்று நிமிஷம் வைத்தால் 45 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் எட்டுப் பேர் ஒரு நிமிஷம் சுட்டுவிட்டு பஸ் ஏறணும். எல்லோரும் எல்லோரோடும் என்றால் 120 மோதல், ஆறு மணி நேரம். நடுவில் ஒரு வழி, அமெரிக்க ஃபாஸ்ட் டிராக்காரர்களிடமிருந்து எடுத்தோம்: தோற்றால் பெயருக்கு நேரே ஒரு ‘எக்ஸ்’. இத்தனை எக்ஸ் விழுந்தால் வெளியே. நாங்கள் இரண்டு எக்ஸ் வைத்தோம். பதினைந்து பேர் தலா இரண்டு தடவை தோற்கணும் என்றால் 30 மோதல். ஜெயிக்கிறவர் நடுவில் ஒரு தடவை தோற்றிருந்தால் 31. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். எவ்வளவு மோசமாகச் சுட்டாலும் எல்லோரும் இரண்டு தடவை கோட்டுக்கு வந்துவிடுவார்கள். மூன்று எக்ஸ் வேண்டும் என்று இரண்டு பேர் அடம்பிடித்தார்கள். சாவியைக் காட்டி உட்கார வைத்தோம்.

இரண்டு தகராறு நடந்தது, இரண்டையும் எழுதிவைக்கிறேன். காலையில் மூன்றாம் டீட்டெயிலில் ஒரு பையனுக்குத் துப்பாக்கி ஸ்பிரிங் போய்விட்டது. வேறு துப்பாக்கி தேடி எடுத்து வர எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவன் அப்பா கேட்டார். தர முடியாது என்றோம். துப்பாக்கி அவனுடையது, அதனால் நேரமும் அவனுடையது. 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கருக்கு நடுப்போட்டியில் துப்பாக்கி கோளாறு ஆனபோதும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்று வருஷம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு அவர் திரும்பியதைச் சொன்ன பிறகுதான் அந்த அப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. மதியம் கரண்டு போனபோது கதை வேறு. விளக்கு எங்கள் பொறுப்பு. இருபத்தைந்து நிமிஷம் இருட்டில் உட்கார்ந்தோம், பாதியில் நின்ற மோதலை முதலிலிருந்து வைத்தோம், சைட்டிங்குக்கு மறுபடி குண்டு கொடுத்தோம்.

இரண்டாவது தகராறு கொஞ்சம் ருசியானது. ஒரு மோதலில் இரண்டு பேரின் ஐந்தாம் தகடும் ஒன்றாக விழுந்தன. ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். கண்ணால் பார்த்துக் கட்டைவிரலை அமுக்கவே மனுஷனுக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். தகட்டுக்குத் தகடு வித்தியாசமோ அதைவிடக் குறைவு. எனக்கு எங்கள் ஊர்க் கோயில் கதை ஞாபகம் வந்தது. தருமபுரம் யாழ்மூரிநாதர் கோயில் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்கும். திருஞானசம்பந்தர் பதிகத்தின் பெருமையெல்லாம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசிப்பால்தான் என்று அவருடைய சொந்தக்காரர்கள் பேச, பாணர் மனம் நொந்து, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரிடம் வேண்டினார். பாடினார், யாழ் தோற்றது, பாணர் யாழையே உடைக்கப் போக சம்பந்தர் தடுத்தார். எங்கள் மூன்று ஸ்டாப்வாட்சுக்கும் அன்றைக்கு அந்த நிலைமைதான்; ஒன்றை அதன் சொந்தக்காரரே தரையில் அடிக்கப் போனார். கடைசியில் காப்பாற்றியது அக்கா மகனின் செல்போன். நொடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷனில் அவன் சும்மா எடுத்து வைத்திருந்தான். ஓட்டிப் பார்த்தோம். இடது பக்கத் தகடு நான்கு படம் முந்தி விழுந்திருந்தது. அடுத்த மோதலிலிருந்து போனை முக்காலியில் வைத்துவிட்டோம். மூன்று நடுவர்களில் இரண்டு பேரைத் தகடு தூக்கி நிறுத்த அனுப்பினோம். மோதலுக்கு அரை நிமிஷம் மிச்சம் ஆனது.

அக்கா மகன் பதினாறில் பன்னிரண்டாவதாக வந்திருந்தான். முதல் மோதலில் ஜெயித்தான், அடுத்த இரண்டில் எக்ஸ். அன்றைக்கு முழுக்கச் சேர்த்து, சைட்டிங் போக, அவன் கோட்டில் நின்றது முப்பத்து மூன்று நிமிஷம். காலை ஏழரைக்கு வந்தவன். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது மணி ஐந்தரை.

இந்த ஆனியில் மறுபடி அதே பலூன் கடை. அதே வரிசை. பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான், கையில் என் பழைய கடிகாரம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்காரரிடம் போய், "அண்ணே, இன்னொரு துப்பாக்கி வாங்காதீங்க. பலூன் ஊத இன்னொரு ஆள் வச்சா போதும், வரிசை பாதியா கொறஞ்சிடும்" என்றான்.

அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே நிமிர்ந்தார். "வரிசை நிக்கிறத பாத்துட்டுத்தான் தம்பி நாலு பேரு வர்றான். நீ தள்ளி நில்லு, உன் டர்ன் வரும்."